வீட்டை நம்பாத வகுப்பறை: வடசென்னை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர் ஒருவருக்குப் பதில்

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து வந்து, காசிமேட்டுக்கு அருகிலுள்ள மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் கணித ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறீர்கள். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்து வருவதில்லை, காலையில் நேரத்துக்கு வருவதில்லை, பெற்றோர் கூட்டத்துக்கு ஆளே வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டாம் வகுப்பில் பலருக்கு வகுத்தலே வராத நிலையில் இயற்கணிதத்தை எப்படி நடத்துவது, கண்டிப்பைக் கூட்டுவதா அல்லது பாடத்தைக் குறைப்பதா என்பது உங்கள் முதன்மையான கேள்வி. வேறு பகுதிக்கு மாறுதல் கேட்கலாமா என்றும் கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள். தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் ஆசிரியராகவும் பின்னர் தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், சற்று நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

கண்டிப்பைக் கூட்டவும் வேண்டாம், பாடத்தைக் குறைக்கவும் வேண்டாம். நம் பள்ளிக்கல்வியின் பெரும்பகுதி, பிள்ளைக்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட வகையான வீடு இருக்கிறது என்று சொல்லாமலேயே எடுத்துக்கொள்கிறது. மாலையில் பக்கத்தில் உட்கார ஒருவர், புத்தகத்தை விரித்து வைக்க ஓர் இடம், இரண்டு மணி நேர அமைதி, சார்ட் பேப்பர் வாங்கச் சில்லறை, குறிப்பேட்டில் கையெழுத்திட எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு கை ஆகிய எல்லாம் அங்கே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் வீட்டுப்பாடம், செயல்திட்டம், தேர்வுக்கான தயாரிப்பு அனைத்தும் அமைந்திருக்கின்றன. அந்த வீடு இல்லாத இடத்தில் அந்தக் கற்பித்தல் தோற்கிறது. தோல்வியை நாம் பிள்ளையின் பெயரில் எழுதிவிடுகிறோம். ஆகவே, வீட்டை நம்பி நிற்கும் ஒவ்வொன்றையும் பள்ளி நேரத்துக்குள் கொண்டுவருவதே நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை. மற்றவை எல்லாம் அதைத் தொடர்ந்து வருபவை.

உங்கள் பள்ளிப் பிள்ளைகளின் ஒரு நாள் எப்படித் தொடங்குகிறது என்பதை நீங்கள் ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும். காசிமேடு துறைமுகத்தில் மீன் ஏலம் விடியலுக்கு வெகு முன்பே தொடங்கிவிடும். கூடையெடுத்து விற்கும் தாய்மார்கள் இருட்டிலேயே கிளம்பி, ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, ஆட்டோ பிடித்து, மூலக்கடை, பெரம்பூர், புரசைவாக்கம் எனத் தாங்கள் உட்காரும் இடத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள். தகப்பன் விசைப்படகில் போயிருந்தால் பல நாள்களுக்குக் கடலில் இருப்பார். காலை ஆறு மணிக்கு அந்த வீட்டில் மூத்தவர் யார் என்றால், உங்கள் ஏழாம் வகுப்பு மாணவிதான். தண்ணீர் பிடிப்பது, தம்பியை எழுப்பிக் குளிப்பாட்டுவது, பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. அவள் ஒன்பதரைக்கு வகுப்பு வாசலில் வந்து நிற்கும்போது உங்கள் கண்ணுக்குத் தெரிவது தாமதம் மட்டும். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம்தான் வாரத்தின் பெரிய வியாபாரம் என்பதால் அன்று முழுவதும் பிள்ளைகளும் தாயுடன் நிற்பார்கள். திங்கள் முதல் பாடவேளையில் தேர்வு வைக்கும் ஆசிரியர் இந்த ஊரை அறியாதவர் என்றே நான் சொல்வேன்.

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள். ஆண்டிறுதித் தேர்வு, பள்ளித் திறப்பு, நோட்டு வாங்குதல், தம்பி தங்கையைப் புதிதாகச் சேர்த்தல் ஆகியவை பெரும்பாலும் கையில் காசில்லாத இந்தக் காலத்திலேயே வந்து விழுகின்றன. நிவாரணத் தொகை வந்தாலும் அது தண்டல் என்னும் தினசரி வசூல் கடனுக்கும் குழுக் கடனுக்கும் போய்விடும். இந்த நெருக்கடி மூளையை என்ன செய்கிறது என்பதற்கு நம் மாநிலத்திலேயே செய்யப்பட்ட ஆய்வு உண்டு. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்து, 2013 ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ ஆய்விதழில் முடிவை வெளியிட்டார்கள். அதே மனிதர், பணத்தட்டுப்பாடு இருந்த அறுவடைக்கு முந்தைய நாள்களில், சிந்தனைத் திறன் சோதனைகளில் தெளிவாகக் குறைந்த மதிப்பெண் பெற்றார். பணம் வந்த பிறகு அவரே நன்றாகச் செய்தார். அது பெரியவர்களைப் பற்றிய ஆய்வு. அதைப் பிள்ளைகள்மீது அப்படியே ஏற்றுவது சரியில்லை. ஆனால், வாயிலில் நிற்கும் தண்டல்காரரின் குரலைக் கேட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்த பையன் அன்று கணக்கில் தடுமாறினால், அதை அறிவுக் குறைவு என்று முடிவு கட்டாமல் இருக்க அந்த ஆய்வு உங்களுக்கு உதவும்.

தாமதமாக வருபவர்களை வெளியே நிறுத்துவதால் தாமதம் குறைவதில்லை, வருகைதான் குறைகிறது. அவமானத்துக்கு அஞ்சி அன்று முழுவதும் விடுப்பு எடுத்துக்கொள்வார்கள். முதல் இருபது நிமிடங்களை வாய்ப்பாடு, பழைய பாடத்தின் பயிற்சி, அமைதியான வாசிப்பு ஆகியவற்றுக்கு ஒதுக்கி, புதிய கருத்து எதையும் அதற்குள் தொடங்காமல் இருந்தால், பிந்தி வருபவர் எதையும் இழக்கமாட்டார். பசியையும் கவனியுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது சென்னையில் முதலில் வடசென்னைப் பள்ளிகளில்தான் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அத்திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கானது. உங்கள் வளாகத்திலேயே இரண்டாம் வகுப்புத் தம்பி பொங்கல் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு ஏழாம் வகுப்பு அண்ணன் வெறும் வயிற்றோடு வகுப்புக்கு வருகிறான், மதியச் சத்துணவு வரை அப்படியே இருக்கிறான். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று ஒப்புக்கொண்டு, 1920 இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிட்டுச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. அவர் பெயரில் கல்லூரியே பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மையை எட்டாம் வகுப்புக்கும் நீட்டிக்கச் சொல்லிப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு மேலே அனுப்புங்கள். அதுவரை தலைமையாசிரியரிடம் பேசி, கணிதப் பாடவேளை மதிய உணவுக்குச் சற்று முந்தையதாக அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் எந்தப் பாடமும் எடுபடாது.

வீட்டுப்பாடத்தைப் பற்றி என் கருத்து கறாரானது. கொடுக்காதீர்கள். பத்துக்குப் பத்து ஹவுசிங் போர்டு அறையில் ஐந்து பேர் படுத்திருக்க, தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்க, ஒரு பையன் பின்னக் கணக்கு பத்து போட்டு வருவான் என்று எதிர்பார்ப்பதும், வராததற்கு மறுநாள் தண்டிப்பதும் ஆசிரியரின் நேரத்தை வீணாக்கும் வேலை. கடைசிப் பாடவேளையிலோ பள்ளி முடிந்த அரை மணி நேரத்திலோ அதே பத்துக் கணக்கை உங்கள் கண் முன்னால் போட வையுங்கள். தப்பு எங்கே நேர்கிறது என்பதும் அப்போதுதான் உங்களுக்குத் தெரியும். வீட்டில் யாரையோ பார்த்து எழுதிவந்த சரியான விடையிலிருந்து நீங்கள் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. படிக்க விரும்பும் பெரிய பிள்ளைகளுக்கு வெளியில் இடம் தேடித் தருவதும் நம் வேலைதான். பல குடியிருப்புகளில் இளைஞர்கள் அம்பேத்கர் பெயரில் இரவுப் பாடசாலைகள் நடத்துகிறார்கள். கிளை நூலகங்கள் இருக்கின்றன. கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம் என்ற பொதுப் படிப்பிடம், விளக்கும் மேசையும் அமைதியும் கிடைத்தால் இந்தப் பகுதிப் பிள்ளைகள் எவ்வளவு நேரம் உட்காருவார்கள் என்பதைக் காட்டியிருக்கிறது. பாடப்புத்தகத்தில் ஒரு செட்டை வகுப்பு அலமாரியிலேயே வைத்திருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் புகுந்தபோது, தரைத்தள வீடுகளில் முதலில் நனைந்தவை புத்தகங்களும் சான்றிதழ்களும்தான்.

இனி வகுத்தல் தெரியாத எட்டாம் வகுப்புக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பு வரை யாரையும் தேர்ச்சியின்றி நிறுத்துவதில்லை. அந்தக் கொள்கையை நான் ஆதரிக்கிறேன், ஏனென்றால் நிறுத்தப்பட்ட ஏழைப் பிள்ளை திரும்பப் பள்ளிக்கு வருவதில்லை. ஆனால் நிறுத்தாமல் அனுப்பும்போது விடுபட்டதைச் சொல்லித்தரும் கடமையும் கூடவே வருகிறது. தனியார் நர்சரிப் பள்ளியில் ஆங்கில வழியில் ஐந்து ஆண்டுகள் படித்துவிட்டு, கட்டணம் கட்ட முடியாமல் ஆறாம் வகுப்பில் உங்களிடம் வந்து சேர்ந்த பிள்ளைகளையும் கவனியுங்கள். அழகான கையெழுத்தில் ஆங்கிலத்தைப் பார்த்தெழுதுவார்கள். இரு மொழியிலும் ஒரு பத்தியைப் படித்துப் பொருள் சொல்ல வராது.

முதல் வாரத்தில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் நான்கு கணக்குகள் மட்டும் கொடுங்கள்: 402 இலிருந்து 178 ஐக் கழிப்பது, 36 ஐ 7 ஆல் பெருக்குவது, 618 ஐ 6 ஆல் வகுப்பது, அரையுடன் காலைக் கூட்டுவது. மதிப்பெண் போடாமல், தவறான விடைகளை மட்டும் பாருங்கள். 618 ஐ 6 ஆல் வகுத்து 13 என்று எழுதியவனுக்கு வகுக்கத் தெரியும். நடுவில் பூச்சியம் வர வேண்டிய இடத்தில் இடமதிப்பு தெரியவில்லை. அவனுக்கு ஒரு வாரம் போதும். ஆறாம் வாய்ப்பாடே தெரியாமல் வெற்றுத்தாள் கொடுத்தவனுக்கு வேறு வேலை. இருவரையும் ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரே பெஞ்சில் உட்கார வைத்து ஒரே கையேட்டைக் கொடுப்பதுதான் நம் பள்ளிகளில் வழக்கமாக நடப்பது. நாள்தோறும் முப்பது அல்லது நாற்பது நிமிடங்கள், வகுப்பைத் தரத்துக்கேற்பப் பிரித்து, அவரவர் விட்ட இடத்திலிருந்து கற்பித்துவிட்டு, மீதி நேரத்தில் அனைவரையும் சேர்த்து எட்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்துங்கள். நிலைக்கேற்பக் கற்பிக்கும் இம்முறை நன்கு சோதித்துப் பார்க்கப்பட்டது. மும்பையிலும் வதோதராவிலும் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே அழைத்துக் கற்பித்த திட்டத்தை மதிப்பிட்டு அபிஜித் பானர்ஜி குழுவினர் 2007 இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இதற்கான சான்றுகள் சேர்ந்துகொண்டே வருகின்றன. நமக்கும் இது புதிதன்று. செயல்வழிக் கற்றல் என்று மாநிலம் முழுவதும் பரவிய முறை, 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், பதின்மூன்று பள்ளிகளுடன் தொடங்கியதுதான். அம்முறையின் பாட அட்டைகளும், கற்றல் படிநிலைகளைக் காட்டும் ஏணிப்படிகளும் நாளடைவில் சடங்காகிப் போயின என்பது உண்மை. ஒவ்வொரு பிள்ளையும் தான் நிற்கும் படியிலிருந்து ஏறட்டும் என்ற அடிப்படை மட்டும் இன்றும் சரியானது. இப்போது ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் அரசு கொண்டுவந்திருக்கும் ‘திறன்’ திட்டமும் இதே வழியில்தான் நிற்கிறது.

பாடத்தைக் குறைப்பதற்கு நான் ஏன் எதிரி என்றும் சொல்லிவிடுகிறேன். ‘மினிமம் மெட்டீரியல்’ என்ற பெயரில், தேர்ச்சிக்கு வேண்டிய அளவு வினா விடைகளை மனப்பாடம் செய்யவைக்கும் வழக்கம் பத்தாம் வகுப்பில் தொடங்கி இப்போது ஏழாம் வகுப்பு வரை இறங்கிவந்திருக்கிறது. அண்ணா நகரில் ஒரு பிள்ளை முழுப் பாடத்தையும் ஏன் எதற்கு என்று கேட்டுப் படிக்கும்போது, அதே பாடத்தில் நான்கு வினாக்கள் மட்டும் நம் பிள்ளைக்குப் போதும் என்று தீர்மானிக்க நமக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? இரக்கத்தினால் செய்கிறோம் என்று நினைக்கிறோம். அந்த நான்கு வினாக்களோடு தேறி வெளியே போனவன் பாலிடெக்னிக் முதல் பருவத்திலேயே கணிதத்தில் மாட்டிக்கொண்டு நின்றுவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

என் மாணவி ஒருத்தி மாலையில் தாயுடன் மீன்கடையில் உட்காருவாள். ஒருநாள் சங்கரா மீன் வாங்கப் போனேன். கிலோ 320 ரூபாய், முக்கால் கிலோ கேட்டேன். தராசிலிருந்து மீன் பைக்குள் விழுவதற்குள் 240 என்றாள். ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தேன். பத்து ரூபாயை வைத்து 250 என்றும், ஐம்பதை வைத்து 300 என்றும், இருநூறை வைத்து 500 என்றும் எண்ணிக் கொடுத்துவிட்டாள். மறுநாள் வகுப்பில் அதே கணக்கை, 320 ஐ 0.75 ஆல் பெருக்கு என்று கரும்பலகையில் எழுதினேன். கவனமாகப் பெருக்கி, புள்ளியை இடம் மாற்றி வைத்து, 2,400 என்று எழுதினாள். “முக்கால் கிலோ சங்கராவை 2,400 ரூபாய்க்கு யாராவது வாங்குவார்களா?” என்று கேட்டேன். “யாரு சார் வாங்குவா, அட்ச்சித் தொர்த்துவாங்க” என்று சிரித்தாள். கடையில் எப்படிச் சொன்னாய் என்றேன். “அர கிலோ நூத்தி அறுவது, கா கிலோ எம்பது, அவ்ளோதான் சார்.” அதைக் கரும்பலகையில் எழுதச் சொன்னேன்: 320 இல் பாதி, 320 இல் கால், இரண்டின் கூட்டல். அடுத்து, பாதியை 0.5 என்றும் காலை 0.25 என்றும் அவளையே மாற்றி எழுத வைத்தேன். தசமப் பெருக்கலில் புள்ளி ஏன் அந்த இடத்தில் விழுகிறது என்பது அன்று வகுப்புக்கே விளங்கியது. அதைவிட முக்கியமாக, விடையை எழுதிய பிறகு அது நடக்கக்கூடிய தொகைதானா என்று பார்க்கும் பழக்கம் வந்தது.

இது ஒரு தனி மாணவியின் வியப்பன்று. பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருக்களில் விற்பனை செய்யும் சிறுவர்களிடம் தெரெசினா நூனெஸ் குழுவினர் நடத்தி 1985 இல் வெளியிட்ட சிறு ஆய்வில், சந்தையில் நூற்றுக்கு 98 சரியாகச் சொன்ன அதே பிள்ளைகள், தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 மட்டுமே சரியாகச் செய்தார்கள். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளை ஆராய்ந்து, பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்டோர் 2025 இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வும் இதையே உறுதி செய்தது. அதோடு, பள்ளிக்கணக்கில் தேர்ந்த பிள்ளைகளால் சந்தைக் கணக்கைப் போட முடியவில்லை என்ற மறுபக்கத்தையும் காட்டியது. அப்படியானால் அறிவு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தானாகப் போவதில்லை. கொண்டுசேர்ப்பது ஆசிரியரின் வேலை. ஒரு கூடை மீனை x ரூபாய்க்கு ஏலம் எடுத்து, ஐஸுக்கும் ஆட்டோவுக்கும் 150 ரூபாய் செலவழித்து, 2,100 ரூபாய்க்கு விற்றதில் 450 ரூபாய் நின்றது என்றால் கூடையின் விலை என்ன என்று கேட்டால், சமன்பாடு என்பது என்ன என்று நீங்கள் விளக்கவே தேவையில்லை. ஆனால் மீனிலேயே நின்றுவிடாதீர்கள். மீனவர் பிள்ளைக்கு மீன் கணக்கு போதும் என்று நிறுத்துவது, பாடத்தைக் குறைப்பதன் இன்னொரு வடிவம். இரண்டு வாரத்தில் x என்பது விலையாகவும் நீளமாகவும் எதுவுமாகவும் இல்லாத வெறும் எண்ணாகவும் இருக்கலாம் என்ற இடத்துக்கு அவர்களைக் கொண்டுபோய்விட வேண்டும்.

‘கவனமே இல்லை’ என்று இந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது கேரம் பலகைதான். 2008 இல் பிரான்சின் கான் நகரில் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடியைச் சேர்ந்தவர். 2024 இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வண்ணாரப்பேட்டையில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். உங்கள் வகுப்பில் பத்து நிமிடம் உட்காராத பையன் மாலையில் தெருமுனைக் கேரம் மன்றத்தில் மூன்று மணி நேரம் கோணம் பார்த்து அடிக்கிறான். அங்கே பிழை உடனே தெரிகிறது, உடனே திருத்த முடிகிறது, யாரும் அவன் தகப்பனை அழைத்துவரச் சொல்வதில்லை. உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு தடை செய்கிறது என்பது ஒருபுறம் இருக்க, அவை பயன் தருவதுமில்லை.

மொழியைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. இந்தப் பகுதிப் பேச்சுத் தமிழைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள், திருத்தவும் செய்யாதீர்கள். முதலில் தன் பேச்சில் விளக்கட்டும். பிறகு அதையே எழுத்துத் தமிழில் எழுதக் கற்றுக்கொடுங்கள். வீட்டில் தெலுங்கோ உருதோ பேசும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் நிச்சயம் இருப்பார்கள். கணிதத்தில் அவர்களைத் தடுப்பது பெரும்பாலும் வாக்கியக் கணக்கின் வாக்கியம்தான். அதை இரண்டு சிறிய வாக்கியமாக உடைத்துக் கொடுத்தால் கணக்கைப் போட்டுவிடுவார்கள்.

பெற்றோர் வராததற்குக் காரணம் அக்கறையின்மை என்று எழுதியிருந்தீர்கள். பக்கிங்ஹாம் கர்னாடிக் துணி ஆலை 1996 இல் மூடப்படும் வரை பெரம்பூர், புளியந்தோப்பு, பட்டாளம் பகுதிகளில் தகப்பனுக்கு ஷிஃப்டும் மாதச் சம்பளமும் இருந்தன. விடுப்பெடுத்துப் பள்ளிக்கு வந்து நிற்கவும் முடிந்தது. இன்றைய தகப்பனுக்கு இருப்பது தினக்கூலி. வேலைநாள் மூன்று மணிக்கு நீங்கள் கூட்டம் வைத்தால் அது அவருக்கு அரைநாள் கூலி இழப்பு. அதுவும், போனால் மகனைப் பற்றிய புகார்தான் கிடைக்கும் என்று தெரிந்தே இழக்க வேண்டிய கூலி. நீங்கள் போங்கள். மாலை ஏழு மணிக்கு மேல், தெருவுக்கு ஒரு நாளாக, சக ஆசிரியர் ஒருவருடன் சென்று, வாசலில் நின்றே ஐந்து நிமிடம் பேசிவிட்டு வாருங்கள். முதல் முறை ஒரு நல்ல செய்தியை மட்டும் சொல்லுங்கள். இரண்டாம் முறை தாயே உங்களிடம் கேட்பார். கடையில் உட்காரும் பெண்ணின் தாயைச் சட்டத்தைக் காட்டி மிரட்ட வேண்டாம். 2016 இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடை செய்தாலும், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவுவதை அனுமதிக்கிறது. கேட்டரிங் வேலைக்கும் மூட்டை தூக்கவும் பள்ளி நேரத்தில் இழுத்துக்கொண்டு போகும் இடைத்தரகர் விஷயம் வேறு. அதற்குக் குழந்தைகள் உதவி எண்ணான 1098 ஐ அழைக்கத் தயங்காதீர்கள்.

வகுப்பில் ஏழ்மையை எழுந்து நிற்க வைக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. கல்வி உதவித்தொகைப் பட்டியல் வந்தவுடன், இன்ன பிரிவினர் எழுந்து நில்லுங்கள் என்று சொல்லித் தலை எண்ணுவது. சாதிச் சான்றிதழ் கொண்டுவராதவர் பெயரை உரக்கப் படிப்பது. துப்புரவுத் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகை விண்ணப்பத்தை எல்லோர் முன்னிலையிலும் ஒரு பையனிடம் நீட்டுவது. அந்தப் பையன் அந்த உதவித்தொகையே வேண்டாம் என்று சொல்லிவிடுவான். பெற்றோரிடமோ, அல்லது வகுப்புக்கு வெளியே தனியாகவோதான் இந்தத் தாள்கள் கைமாற வேண்டும். பள்ளிகளில் சாதி வேறுபாட்டைக் களைவது குறித்து ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையும் மாணவரின் சாதி விவரம் வகுப்பில் வெளிப்படக் கூடாது என்பதை வலியுறுத்தியது. சார்ட், கலர் பேப்பர், பிறந்தநாள் மிட்டாய், குழுப் படத்துக்கான பணம் ஆகியவற்றையும் இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடுநிலைப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிவதால், பிள்ளைகள் காணாமல் போகும் இடம் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருக்கிறது. மே மாதத்தில் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் நம் வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. ஜூனில் எந்தப் பள்ளியில் சேர்ந்தார் என்று எமிஸ் என்ற மாணவர் பதிவுத் தளத்தின் எண்ணை வைத்துப் பார்த்து, சேராதவர் வீட்டுக்குப் போக வேண்டும். கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ குடிபெயர்த்து அனுப்பப்பட்ட குடும்பமென்றால் இன்னும் கவனம் தேவை. சான்றிதழ் வரத் தாமதம் என்பதைக் காரணம் காட்டி எந்தப் பள்ளியும் எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையைத் தள்ளிப்போட முடியாது என்பதைப் பெற்றோருக்கு எழுதியே கொடுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 5 ஆம் பிரிவு அது.

ஒன்பதாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் நல்ல பெயர் பெற்ற அரசு உதவிபெறும் பள்ளிகள் பல உள்ளன. பெற்றோரும் அங்கேயே சேர்க்க விரும்புவார்கள். ஆனால் மருத்துவப் படிப்பில் 2020 இலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 இலும் கொண்டுவரப்பட்ட 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, அரசுப் பள்ளிகளில் தொடர்ந்து படித்தவர்களுக்கானது. மாநகராட்சிப் பள்ளி அதில் அடங்கும். உதவிபெறும் பள்ளி அடங்காது. எட்டு வரை உங்களிடம் படித்த பிள்ளை ஒன்பதில் மாறினால் அந்த வாய்ப்பு போய்விடும் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே சொல்ல வேண்டும், முடிவு அவர்களுடையது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்டதே நம் பகுதியில், பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில்தான். அந்தக் கல்லூரிக்கு எட்டாம் வகுப்புப் பெண்களை ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள். அங்கே படிக்கும் பழைய மாணவி ஒருத்தி பேசினால், நீங்கள் ஆண்டு முழுவதும் சொல்வதைவிட அது எடுபடும்.

கணித ஆசிரியர் என்ற முறையில் உடனடியாகத் தொடங்க வேண்டிய ஒன்று, தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வு. எட்டாம் வகுப்பில் எழுதித் தேர்ந்தெடுக்கப்பட்டால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மனத்திறன் தாளிலும் படிப்பறிவுத் தாளிலும் தலா 90 வினாக்கள். ஏழாம் வகுப்பிலேயே குறைந்தபட்ச மதிப்பெண் தேவை என்பதால், பயிற்சியை ஏழிலிருந்தே தொடங்குங்கள். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கப் பெற்றோரை ஆகஸ்டிலேயே அனுப்பிவிட வேண்டும். விண்ணப்ப நேரத்தில் அலைந்தால், பெயர் எழுத்துப் பிழை ஒன்றுக்காகவே ஒரு பிள்ளையின் வாய்ப்பு போகும். ரேஷன் அட்டையிலும் ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்பதை இப்போதே பாருங்கள்.

மாறுதல் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். கேட்பதில் தவறில்லை, சொந்த ஊரில் வயதான பெற்றோர் இருக்கும்போது கேட்கத்தான் வேண்டும். எப்போது கேட்பது என்பதை மட்டும் யோசியுங்கள். இப்போது ஏழாம் வகுப்பில் இருப்பவர்கள் அடுத்த ஆண்டு எட்டுக்கு வருவார்கள். அந்த ஆண்டுதான் உதவித்தொகைத் தேர்வும், வகுத்தலிலிருந்து இயற்கணிதத்துக்கு ஏறும் வேலையும், ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கையும் ஒன்றாக வருகின்றன. ஆண்டின் நடுவில் கணித ஆசிரியர் மாறினால் அவ்வகுப்புக்கு எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே இந்த ஏழாம் வகுப்பை ஒன்பதில் சேர்த்துவிட்ட பிறகு, ஜூன் இறுதியில் விண்ணப்பியுங்கள். கிளம்பும்போது, அந்த நான்கு கணக்குச் சீட்டுகளையும், எந்தப் பிள்ளையின் வீட்டில் எந்த நேரத்தில் ஆள் இருப்பார் என்று எழுதிவைத்த குறிப்பேட்டையும் உங்கள் இடத்துக்கு வருபவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.